மாமனார் வீட்டில் நிற்கும் பெருமாள்

முத்து,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்து என் சேலைகளை எல்லாம் பீரோவிலிருந்து எடுத்து ஒரு பெட்டியில் அடுக்கிவிட்டு, "அடுத்த ஞாயிறு டாக்ஸி எடுத்துட்டு வாரேன், ரெடியா இரும்மா" என்று சொல்லிப் போனாய். நான் பதில் சொல்லவில்லை. நான் பேசாமல் இருந்தால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது உனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்புப் பிள்ளைகளைச் சத்தம் போட்டே அடக்கியவள் நான். உன் முகத்தைப் பார்த்தால் மட்டும் வாய் வரமாட்டேன் என்கிறது. அதனால் எழுதுகிறேன். இடது கண் போயே போய்விட்டது. வலது கண்ணிலும் பிரஷர் இறங்கவில்லை என்று மதுரை டாக்டர் சொன்னபோது நீயும் பக்கத்தில்தான் இருந்தாய். வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் பொறுத்துக்கொள். இவ்வளவு நீளமாக இனி எழுத முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நமக்குள் இருக்கும் கேள்வி ஒன்றுதான். கண் முழுதாகப் போன பிறகு நான் எங்கே இருப்பது? ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் மாமனார் வீட்டில் என்று நீ சொல்கிறாய். வசந்தாவும் சொல்கிறாள். உன் மாமியாரே நேரில் வந்து, "மதினி, நீங்க வேற ஆளா, வந்துருங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். யாரும் மனசில் ஒன்று வைத்து வெளியில் ஒன்று பேசவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த நாலு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

உனக்கு வசந்தாவைப் பேசி முடித்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். எண்பதுகளின் தொடக்கம். நீ வேலை பார்த்த ஆலை மூடிக் கிடந்தது. நீ தினமும் சட்டையை மாட்டிக்கொண்டு கேட் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருவாய். அந்த நேரத்தில்தான் இந்தச் சம்பந்தம் வந்தது. ரத வீதியை ஒட்டிய வீடு, கோயிலுக்குப் போகும் வழியில் பால்கோவாக் கடை, ஒரே பெண். காபி கொடுத்து முடித்த பிறகு உன் மாமனார் மெதுவாகச் சொன்னார்: "எங்களுக்கு இவ ஒருத்திதான், சம்பந்தி. மாப்பிள்ளை இங்கயே இருந்து கடையப் பாத்துக்கிடட்டும். இதுல என்ன குறைச்சல்? எங்க ஊர்ப் பெருமாளே வீட்டோட மாப்பிள்ளைதான!" கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அது அந்த ஊர்க்காரர்கள் எப்போதும் சொல்லும் வேடிக்கை. உன் அப்பா மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். பஸ்ஸில் வரும்போது என்னிடம் சொன்னார், "அது சாமி. இவன் மனுசன். சாமிக்கு ரோசம் கிடையாது, போய் நிக்கும்." மில்லில் மேஸ்திரியாக இருந்து பழகிய வாய், சொன்னால் சொன்னதுதான். கல்யாணத்தை மண்டபத்தில் வைத்ததால் வந்து நின்று தாலி எடுத்துக் கொடுத்தார். உன் மாமனார் வீட்டு வாசல்படியைக் கடைசி வரைக்கும் மிதிக்கவில்லை.

அந்த வேடிக்கைக்குப் பின்னால் இருக்கும் கதை உனக்குத் தெரியும். தெரிந்தாலும் மறுபடி சொல்கிறேன், நாளைக்கு உன் மகளுக்கு நீ ஒழுங்காகச் சொல்ல வேண்டும். துளசித் தோட்டத்தில் கண்டெடுத்த ஆண்டாளை ஆழ்வார் வளர்க்கிறார். பெருமாளுக்குக் கட்டி வைத்த மாலையை அவள் தான் சூடிப் பார்த்து, கிணற்றுத் தண்ணீரில் முகம் பார்த்து, பிறகு கூடையில் வைக்கிறாள். மனிதர் யாருக்கும் வாழ்க்கைப்பட மாட்டேன், ரங்கத்துப் பெருமாள்தான் மாப்பிள்ளை என்கிறாள். தகப்பன் கூட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் போகிறார். அங்கே அவள் பெருமாளோடு கலந்துவிடுகிறாள். பெண்ணைக் காணோம். வெறும் கையோடு ஊருக்கு எப்படித் திரும்புவது? ஆழ்வார் அழுது கேட்கிறார்: என் ஊருக்கு வந்து, என் சனங்கள் பார்க்க என் மகளைக் கைப்பிடிக்க வேண்டும். அதற்கு இணங்கி, பங்குனி உத்திரத்தன்று கருடன்மேல் ஏறி வில்லிபுத்தூருக்கு வந்த மாப்பிள்ளைதான் ரெங்கமன்னார். வந்தவர் திரும்பிப் போகவில்லை.

அதனால்தான் அந்த ஊரில் கோயில் ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறது. ஒன்று ஆழ்வார் பூக்கட்டிக் கொடுத்த வடபத்ரசாயி கோயில். அதுதான் பழையது, பெரிய கோபுரமும் அதற்குத்தான். மதுரைக் கோபுரங்களைப் போல அதில் பொம்மைகள் அப்பிக் கிடக்காது. வெறும் அடுக்கடுக்காக, பதினோரு நிலையும் தன் பாட்டுக்கு மேலே போகும். அரசாங்க முத்திரையில் அதைப் பார்த்துவிட்டு அதுதான் ஆண்டாள் கோயில் என்று நினைக்கிறவர்கள் நிறைய. ஆண்டாள் கோயில் தள்ளி, தெற்கும் மேற்குமாக, தணிவாக இருக்கிறது. அது ஆழ்வார் குடியிருந்த வீடு என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் அவளைக் கண்டெடுத்த நந்தவனம். நாயக்கர் காலத்தில் மண்டபமும் யாளித் தூணும் சிலைகளும் சேர்த்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள். ஆனால் உள்ளே போகப் போக, கூடம், முற்றம், கிணறு என்று ஒரு வீட்டுக்குள் நடக்கிற மாதிரிதான் இருக்கும்.

இதெல்லாம் நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டது கொஞ்சம்தான். மீதி எல்லாம் உனக்காகக் காத்திருந்து தெரிந்துகொண்டது. உன் அப்பா போகாத வீட்டுக்கு நான் போக முடியாது. சனிக்கிழமை பெருமாளுக்கு விசேஷம், பள்ளிக்கூடமும் கிடையாது. அதைச் சொல்லிக்கொண்டு ராஜபாளையத்திலிருந்து வாராவாரம் பஸ் ஏறினேன். டீச்சருக்கு ஆண்டாள் பைத்தியம் என்று தெருவே பேசியது. நான் கோயில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன், நீ கடையில் ஏதாவது சொல்லிவிட்டு வருவாய். கையில் பால் காய்ந்த வாசனை இருக்கும். "கூட்டமா இருக்கும்மா, செத்த நேரந்தான்" என்றபடி சம்மணம் போட்டு உட்கார்ந்து, நான் கட்டிக்கொண்டு வந்த எள்ளுத் துவையல் சோற்றை அள்ளி அள்ளித் தின்பாய். மழை நாளில் வடபத்ரசாயி சன்னதிக்கு மாடி ஏறிவிடுவோம். அங்கே பெருமாள் படுத்திருப்பதை மூன்று வாசல் வழியாகப் பார்க்க வேண்டும். நீ வர நேரமானால் நான் மரக்கூரையில் செதுக்கியிருப்பதை எல்லாம் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியோடு வீடு திரும்புவேன்.

அப்படி ஒரு நாள் காத்திருக்கும்போதுதான் எனக்கு ஒரு விசித்திரமான யோசனை வந்தது. ஆண்டாள் சன்னதியில் ஒரே பீடத்தில் மூன்று பேர் நிற்கிறார்கள். நடுவில் மாப்பிள்ளை, ஒரு பக்கம் பெண், இன்னொரு பக்கம் கருடன். மாப்பிள்ளையைச் சுமந்து வந்த மரியாதைக்காகக் கருடனுக்கு அந்த இடம். பெண்ணை வளர்த்தவருக்குக் கோயிலில் சன்னதி இருக்கிறது. வண்டி ஓட்டியவருக்குக்கூட இடம் கொடுத்த இந்தக் கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பெற்றவள் எங்கே? பிராகாரம் முழுக்கச் சுற்றிப் பார்த்தேன். வாய் சும்மா இருக்குமா, பட்டரிடமே கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். "பெருமாளுக்கு ஏதும்மா தாயாரும் தகப்பனாரும்? அவர் யாருக்கும் பிறக்கலியே." நானும் சிரித்தேன். தீர்த்தம் வாங்கிக்கொண்டு வெளியே வந்த பிறகு அழுகை வந்துவிட்டது. நீ அன்றைக்குக் கேட்டாயே, கண் ஏன் சிவந்திருக்கு என்று. கற்பூரப் புகை என்றேன்.

உன் அப்பாவுக்குத் தெரியாமல் இதெல்லாம் நடந்தது என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். ஒரு சனிக்கிழமை நான் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டார், "ஆண்டாளு நல்லா இருக்காகளா?" நல்லா இருக்காக என்றேன். "போன வாரம் இருமல்னு சொன்னயே, கொறஞ்சுட்டா?" நான் அப்படி எதுவும் அவரிடம் சொல்லவே இல்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னது காதில் விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து அது எங்களுக்குள் ஒரு பாஷை ஆகிப்போனது. ஆண்டாளு மெலிஞ்சுட்டாகளா, ஆண்டாளுக்குப் பிள்ளை பொறந்துருக்காமே, யாரு சாடை? உன் பெயரை மட்டும் சொல்ல மாட்டார். மனுஷன் பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம்.

பல வருஷமாக ஓடாமல் நின்றிருந்த பெரிய தேர், சக்கரம் மாற்றி மறுபடி ஓடிய ஆடிப்பூரம் உனக்கு நினைவிருக்கும். ராஜபாளையமே காலி என்று சொல்லும்படி சனம் போனது. நான் கூப்பிடாமலே உன் அப்பாவும் வேட்டியை மாற்றிக்கொண்டு கிளம்பினார். வீதியில் நெரிசலில் தள்ளிக்கொண்டு போய் உன் கடைக்கு எதிர்த்தாற்போல் நின்றுவிட்டோம். நீ எங்களைப் பார்க்கவில்லை. ஒருவர் மாற்றி ஒருவர் உன்னைக் கூப்பிட்டபடி இருந்தார்கள். "மாப்பிள்ளை, அந்தத் தட்ட எடுங்க." "மாப்பிள்ளை, இவுகளுக்கு அரைக் கிலோ." கடைப் பையன்கள், பூக்காரம்மா, பக்கத்துக் கடைக்காரர், எல்லோருக்கும் நீ மாப்பிள்ளைதான். உன் அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் தேர் வருவதற்கு முன்னாலேயே, "வா, போவோம்" என்று பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துவிட்டார். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். இம்புட்டுக் கூட்டத்தில் வந்து தேரைப் பார்க்காமல் போவார்களா? பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார். "அங்க ஒருத்தன்கூட அவன் பேரச் சொல்லிக் கூப்பிடலட்டி." அவர் உன்மேல் கோபமாக இருந்தார் என்று ஊர் சொல்கிறது, நீயும் நம்புகிறாய். அது கோபம் இல்லையப்பா. மனசு ஆறவில்லை, அவ்வளவுதான்.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு நீ எல்லாச் சடங்கையும் குறையில்லாமல் செய்தாய். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போன பின்னால், கூடத்தில் வெறும் தரையில் அப்படியே சாய்ந்தாய். ஒரு கால் வாசல் பக்கம், ஒரு கை அடுப்படிப் பக்கம், வாய் திறந்தபடி, பட்டப்பகலில் அப்படி ஒரு தூக்கம். பொழுது சாய்ந்து விளக்கேற்றும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. நான் உன்னைத் தாண்டித் தாண்டிப் போய் வேலை பார்த்தேன். துக்க வீட்டில் சொல்லக்கூடாது, அன்றைக்கு எனக்கு மனசு நிறைந்திருந்தது.

இந்தத் தை மாதம் கண் ஆபரேஷன் முடிந்து உங்கள் வீட்டில் ஒரு வாரம் இருந்தேன். உங்கள் வீடு என்று எழுதிவிட்டேன், அந்த வீட்டில் என்று படித்துக்கொள். ஒரு குறையும் வைக்கவில்லை. எனக்குத் தனித் தட்டு, தனிப் போர்வை, வெந்நீர். ஒரு வெங்காயம் உரிக்க விடவில்லை. "விருந்துக்கு வந்தவுக வேல செய்யலாமா மதினி, உக்காருங்க" என்று உன் மாமியார் கத்தியைப் பிடுங்கிக்கொண்டார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள். உன் மகள் என் மடியில் படுத்துக்கொண்டு, "ராஜபாளையத்து ஆச்சி, நீங்க எப்ப ஊருக்குப் போவீக?" என்று கேட்டாள். பிள்ளைக்கு என்ன தெரியும்? வந்தவர்கள் போவார்கள் என்று தெரியும், கேட்கிறது.

என் நிலையைவிட உன்னைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு கண்தான் என்றாலும் பெற்றவள் கண் அல்லவா. அந்த வீட்டில் நீ நாற்காலியின் நுனியில்தான் உட்காருகிறாய். சாப்பிட்டு முடித்ததும் வெளியே போகிறவன் மாதிரி சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்கிறாய். மதியம் எல்லோரும் கண்ணயரும் நேரத்தில் நீ மட்டும் கடைக்குக் கிளம்பிவிடுகிறாய். குழம்பில் உப்பு இல்லாத அன்றைக்கு வசந்தா கேட்டாள், நல்லா இருக்கு என்றாய். என் குழம்பில் உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனவன் நீ. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் உன் மாமனார் உன்னை "வாங்க மாப்பிள்ளை, போங்க மாப்பிள்ளை" என்கிறார். மரியாதைதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் மரியாதை கொடுத்துக்கொண்டே இருக்கும் இடத்தில் ஒருத்தன் எப்போதுதான் காலை நீட்டுவான்?

ஊருக்குத் திரும்பும் முன்னால் கோயிலுக்குப் போனேன். யாருக்காகவும் காத்திருக்காமல் நான் போனது அதுதான் முதல் தடவை. ரெங்கமன்னாரை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். கையில் செங்கோல், இடுப்பில் உடைவாள், காலில் செருப்பு. கல்யாணத்துக்கு வந்த கோலம் கலையாமல் அப்படியே நிற்கிறார். மாமனார் வீட்டுக்குள் வந்து எத்தனை காலமோ ஆயிற்று, இன்னும் செருப்பைக் கழற்றவில்லை. பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் போயிருக்கிறேன். அங்கே இதே பெருமாள் காலை நீட்டி, தலைக்குக் கை கொடுத்து, நிம்மதியாகப் படுத்திருக்கிறார். அது அவர் வீடு. தன் வீட்டில் படுத்திருக்கிறவர் மாமனார் வீட்டில் நிற்கிறார். பெருமாளுக்கே அப்படி என்றால் நீ என்ன செய்வாய்? இதைச் சொன்னால் பெரியவர்கள் தத்துவம் சொல்லி என் வாயை அடைப்பார்கள். நான் ஒரு மாப்பிள்ளையைப் பெற்றவள், எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

அவருக்குப் போய்ப் படுக்க ஸ்ரீரங்கம் இருக்கிறது. உனக்கு இந்த ராஜபாளையத்து வீடுதான் இருக்கிறது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் பின்னால் வந்துவிட்டால், இந்த வீட்டை வாடகைக்கு விடுவாய், இல்லை விற்றுவிடுவாய். அதற்கப்புறம் ஒரே வீட்டில் நீயும் நானும் இரண்டு விருந்தாளிகள். எனக்காக ஒரு டம்ளர் காபி கேட்பதற்கும் நீ அடுப்படி வாசலில் நின்று யோசிக்க வேண்டியிருக்கும். நான் கட்டிலிலிருந்து தடவித் தடவி எழுந்திருப்பேன், உனக்கு மானம் போகும். நான் வரமாட்டேன். டாக்ஸிக்குச் சொல்லியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு.

கண் தெரியாமல் தனியாக எப்படி இருப்பாய் என்று கேட்பாய். எனக்கும் பயம்தான். இல்லை என்று சொன்னால் பொய். ராத்திரி கண்ணை மூடிக்கொண்டு அடுப்படிக்கும் குளியலறைக்கும் நடந்து பழகுகிறேன், சுவரில் இடித்துக்கொள்கிறேன், யாருமில்லாத வீட்டில் உன் அப்பாவைத் திட்டுகிறேன். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்கா, "நேனு லேனா?" என்று கேட்டாள். நான் இல்லையா உனக்கு என்கிறாள். காலையும் மாலையும் அவள் மருமகள் வந்து எட்டிப் பார்ப்பாள். விழுந்தால் விழுகிறேன். ஒரு நாள் நீ வந்து பார்க்கும்போது நான் விழுந்து கிடக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். அதையும் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

மார்கழியில் பகல்பத்து உற்சவம் தொடங்கும்போது ஆண்டாள் தன் பிறந்த வீட்டுக்குப் போவாள், பார்த்திருக்கிறாய். கத்தரிக்காய், பூசணி, வாழைத்தார், கரும்பு என்று வாசலெல்லாம் பச்சைப் பசேலென்று பரப்பி வைத்து வரவேற்பார்கள். பச்சை பரப்புவது என்று அதற்குப் பெயர். அவளுக்குக் கோயிலே தகப்பன் வீடுதான், அப்படியிருந்தும் ஆழ்வார் வம்சத்தார் வீட்டைப் பிறந்த வீடு என்று தனியாக வைத்து வருஷம் தவறாமல் அழைத்துப் போகிறார்கள். பெண் பிள்ளைக்கு அது வேண்டும் என்று நம் சனங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆண் பிள்ளைக்குப் பிறந்த வீடு என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? நான் கேட்டதில்லை. அவன் இருக்கும் இடம்தானே வீடு, அவனுக்கு எதற்கு அந்தச் சொல் என்று விட்டுவிட்டார்கள். வீட்டோட மாப்பிள்ளையாகப் போனவனை நினைக்க மறந்துவிட்டார்கள். அந்தச் சொல்லை உனக்கு நான் தருகிறேன். இது உன் பிறந்த வீடு. நான் உயிரோடு இருக்கும்வரை இதைப் பூட்ட விடமாட்டேன்.

வசந்தாமேல் கோபப்படாதே. அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. உன் மாமனாரையும் ஒன்றும் கேட்காதே, அவர் கொடுத்த வேலைதான் உன்னைத் தலை நிமிர வைத்தது. நாளைக்கு உன் மகளுக்கும் ஒருத்தன் வருவான். அவளும் ஒரே பிள்ளை. அவனையும் கடையில் உட்கார வைக்க உனக்கு ஆசை வரும். அப்போது நீ ஒன்று செய். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. குழம்பு நன்றாக இல்லை என்று அவன் சொன்னால் சந்தோஷப்படு.

நீ வாரத்தில் ஒரு நாளோ, மாதத்தில் ஒரு நாளோ, உனக்கு எப்போது முடியுமோ அப்போது வா. கதவைத் தாழ் போட மாட்டேன். உள்ளே வந்து, சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, கூடத்தில் படு. நான் தட்டுத் தடுமாறி வந்து உன்மேல் இடறினால், "ஏலே முத்து, கால மடக்குலே" என்று திட்டுவேன். கண் இல்லாவிட்டாலும் அதற்குத் தேவையான வாய் இருக்கிறது. வருகிற நாளையும் நேரத்தையும் மட்டும் எனக்குச் சொல்லி அனுப்பாதே. விருந்தாளிதான் சொல்லிவிட்டு வருவான்.

அம்மா